கழுவிக்கொண்டு வந்த கால்கள்

எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வியாழன் சாயங்காலம் பாதம் கழுவப்படுவதற்காக உட்காருகிறவர்கள், வீட்டிலேயே காலை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். ஆண்டவர் தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, அன்றைய பூசையில் சாமியார் பன்னிரண்டு பேர் முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொருவருடைய வலது காலிலும் தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்து, முத்தமிடுவார். அந்தக் கால் அழுக்காக இருக்கலாம் என்று இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. கல் வைத்துத் தேய்த்து, நகம் வெட்டி, வெடிப்புக்கு வாசலின் போட்டு, புதுச் செருப்பில் வந்து உட்காருவார்கள். ஒருவர் அதற்காக பார்லருக்குப் போய் வந்ததை அவர் மனைவியே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எங்கள் சாமியார் இளம் வயதுக்காரர், கன்னடம் பேசுகிற குடும்பம், தமிழை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். "ஒரே ஒரு அழுக்குக் காலாச்சும் குடுங்கப்பா, எனக்கும் வேலை செஞ்ச மாரி இருக்கும்" என்று அவர் ஒரு முறை கேலி செய்தபோது எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை பார்த்த காலமெல்லாம் அறுவை சிகிச்சை வார்டில்தான் இருந்தேன். கால்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரருக்கு சர்க்கரை வந்து பல வருடமாகிறது. அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை செய்தார், இவர் பெங்களூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றார். அதிகம் பேச மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். சர்க்கரை உள்ளவர் காலை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சுவருக்குக்கூட மனப்பாடம். வெறுங்காலில் நடக்கக் கூடாது, தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், வலி தெரியாது, அதனால் வலிக்கவில்லை என்றால் புண் இல்லை என்று நம்பக் கூடாது. இதையெல்லாம் நான் அன்பாகச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அன்பாகச் சொல்ல வராது.

சில வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை. எங்கள் பிரேசர் டவுன் தெருக்களில் சிலுவைப்பாதை ஊர்வலம் கிளம்புகிற நேரம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"என்னங்க இது? செருப்ப ஏன் விடறீங்க?"

"இந்தத் தவக்காலத்துல வெள்ளிக்கிழமைக்கு வெறுங்கால்ல நடக்கறதா நேந்துக்கினேன்."

"யாரைக் கேட்டு நேந்துக்கினீங்க?"

"ஆண்டவருக்குத்தான் நேந்துக்கினேன். வேற யாரைக் கேக்கணும்?"

"ஆண்டவருக்கு உங்க ஷுகர் எவ்ளோன்னு தெரியுமா? எனக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்காக நேர்ச்சை என்று கேட்டேன். மகனுக்கா, பேத்திக்கா, வீட்டு விஷயமா? "அதெல்லாம் இல்ல. இரக்கம் வெக்கணும்னு கேக்கறேன், அவ்ளோதான்" என்றார். எதற்கு இரக்கம், அப்படி என்ன செய்துவிட்டீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத மனிதரிடம் பேசிப் பேசி என் தொண்டைதான் வறண்டது. கடைசியில், தெருவில் நான்கு பேர் பார்க்க, நான் ஒன்று சொன்னேன்: "கால்ல ஏதாவது வந்துச்சுன்னா எங்கிட்ட கொண்டாராதீங்க. நான் பாக்க மாட்டேன். இந்த மாரி கால எல்லாம் பாத்துப் பாத்து ரிட்டயர் ஆயிட்டேன்." சொல்லிவிட்டு ஊர்வலத்தில் பெண்கள் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தேன்.

மார்ச் மாதத்து வெயிலில் பெங்களூர்த் தார் ரோடு சாயங்காலத்திலும் சூடு இறங்காமல் கிடக்கும். அவர் நடந்தார். அடுத்த வெள்ளியும் நடந்தார். அதற்கடுத்த வெள்ளிகளில் செருப்போடு வந்தார், வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட ஆரம்பித்தார். எனக்கு உள்ளூர சந்தோஷம். இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி இப்போதாவது காதில் ஏறியதே என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கென்று மெத்தென்ற பருத்தி சாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். துவைக்கப் போடுங்கள் என்றால், "நானே அலசிக்கறேன், உனக்கு ஏன் வேலை" என்றார். அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன். குறட்டை விடுகிறேன், உன் தூக்கம் கெடுகிறது என்று ஹாலில் இருக்கிற திவானுக்குப் போய்ப் படுத்தார். அதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வார்டுக்குள் நுழையும்போதே எந்தக் கட்டிலில் புண் கெட்டிருக்கிறது என்று மூக்கால் சொல்லிவிடுகிறவள் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. ஆனால் கொரோனா வந்து போனதிலிருந்து என் மூக்கு வேலை செய்வதில்லை. குழம்பு தீய்வதுகூட எனக்குத் தெரிவதில்லை, பக்கத்து வீட்டுக்காரிதான் வந்து சொல்வாள்.

இப்படி இருக்கும்போது எங்கள் அன்பியத்தின் முறை வந்தது. அன்பியம் என்பது எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களின் கூட்டம். மாதம் ஒரு தடவை ஒருவர் வீட்டில் கூடி, ஜெபம் சொல்லி, டீ குடித்து, வராதவர்களைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைவோம். ஒவ்வொரு வருடமும் முறை வைத்துப் பன்னிரண்டு அன்பியங்களிலிருந்து அன்பியத்துக்கு ஒருவர் பாதம் கழுவப்பட உட்கார வேண்டும். கூட்டம் அன்று எங்கள் வீட்டில். எல்லாரும் என் வீட்டுக்காரரைக் காட்டினார்கள்.

"நான் வேணாம். வேற யாரையாச்சும் போடுங்க" என்றார் அவர்.

"நீங்களே சொன்னா எப்படிண்ணே?"

"எனக்கு அந்தத் தகுதி இல்லப்பா. உட்டுடுங்க."

"பாத்தீங்களா, என்னா தாழ்ச்சி" என்று ஒரு அம்மா கண்கலங்கிப் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது முறையும் அவர் வேண்டாம் என்று தலையாட்டியபோது நான் சமையலறையிலிருந்து டீ தட்டோடு வந்து, "அவரு அப்படித்தான் சொல்வாரு. வருவாரு, நீங்க பேர எழுதிக்குங்க" என்று முடித்து வைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். சீடர்களிலும் ஒருவர் முதலில் வேண்டாம் என்று மறுத்தவர்தானே என்று கேலியாகச் சொல்லி, எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தேன்.

பெரிய வியாழன் அன்று மத்தியானம் அவர் குளியலறைக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம், நிற்கிற சத்தம், மறுபடி விழுகிற சத்தம். நான் ஹாலில் மூன்று மணி ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தேன். இறை இரக்க செபமாலையை நான் ஒரு நாளும் விட்டதில்லை. மணிகளை உருட்டி, எங்கள் மேல் இரக்கமாயிரும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது. வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனசு சாயங்காலம் எந்தப் புடவை என்று யோசித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். நடுவில் ஒரு தடவை குளியலறைப் பக்கம் திரும்பி, "தோல உரிச்சிடாதீங்க, சாமியாருக்கு கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்று கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து மணியை உருட்டினேன். உள்ளே தண்ணீர் மட்டும் விழுந்தது.

கோயிலில் பீடத்துக்கு முன்னால் அரை வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலிகள். கொரோனா காலத்திலிருந்து எங்கள் பூசை யூடியூபில் போகிறது, தூணுக்குத் தூண் டிவி மாட்டியிருக்கிறார்கள். நான் நடுப் பகுதியில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் அரை வட்டத்தின் ஒரு ஓரத்தில் இருந்தார். இரண்டு காலிலும் சாக்ஸ், அதற்கு மேல் செருப்பு. மற்றவர்கள் எல்லாரும் முன்பே வலது கால் செருப்பைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்கள்.

சாமியார் மேலாடையைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதல் நாற்காலி முன்னால் மண்டியிட்டார். உபதேசியார் ஜாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். பாடகர் குழு பாடத் தொடங்கியது. ஒவ்வொரு காலாக வந்தது. பளபளவென்ற கால்கள். என் வீட்டுக்காரர் முறை வந்தபோது அவர் குனிந்து இடது காலின் சாக்ஸைக் கழற்றி நீட்டினார். எனக்கு எரிச்சல் வந்தது. இத்தனை வருடமாகப் பார்க்கிறார், வலது கால் என்று தெரியாதா, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாரே என்று நினைத்தேன். சாமியாரும் சிரித்துக்கொண்டே வலது காலைத் தொட்டுக் காட்டினார். இவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். சாமியார் சிரிப்பை நிறுத்தினார். மண்டியிட்டபடியே அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவரே வலது காலின் செருப்பைக் கழற்றி, சாக்ஸைக் கீழே இறக்கினார். வேகமாக இழுக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கினார்.

டிவியில் பெரிதாகத் தெரிந்தது. பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றிக் கட்டிய பாதம். அந்தத் துணியின் நிறம் ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. எந்த நிறத்தில் துணி நனைந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் எத்தனையோ மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அடுத்த நொடியே சாமியார் உடம்பைத் திருப்பி கேமராவை மறைத்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றவில்லை. ஜாடியை நகர்த்தச் சொல்லிக் கை காட்டினார். அந்தப் பாதத்தைக் கையில் ஏந்தி, கட்டுக்கு மேலே கணுக்கால் பக்கத்தில் முத்தமிட்டு, இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து அதைச் சுற்றிவிட்டார். வேறொரு துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். பக்கத்தில் இருந்த அம்மா, "என்னா ஆச்சு, கால்ல அடியா?" என்று கேட்டாள்.

எழுந்து போக வேண்டும் என்று கால் துடித்தது. போய் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக் கத்த வேண்டும் போல இருந்தது. அதே நேரத்தில், யாராவது என்னைப் பார்த்து நீ நர்ஸ்தானே என்று கேட்டுவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். இந்த இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று இப்போது வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. மீதி கால்களையும் கழுவி முடித்தார்கள். நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகர்ந்தது. இந்த மனநிலையில் போகலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே போய் நாக்கை நீட்டினேன். வாங்கியதன் ருசிகூட எனக்குத் தெரியவில்லை.

பூசை முடிந்ததும் அவரை ஆட்டோவில் ஏற்றினேன். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே போகச் சொன்னேன். மறுநாள் பெரிய வெள்ளி விடுமுறை என்பதால் கோல்ஸ் பார்க் பக்கம் ஒரே நெரிசல். ஆட்டோ நின்று நின்று போனது.

"எத்தினி நாளா இருக்குது?"

"ரெண்டாவது வெள்ளிக்கு அப்புறம். சாக்ஸ் ஒட்டிக்கினு வந்துச்சு. அப்பத்தான் பாத்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதான் பாக்க மாட்டேன்னியே."

"அது வாயில வர்ற வார்த்தைங்க. கோவத்துல சொல்றதுதான? அப்படியே எடுத்துக்குவீங்களா?"

"நீ கோவத்துல சொல்றது எது, நெஜமா சொல்றது எதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எல்லாத்தையும் ஒரே மாரிதான் சொல்றே."

அவர் குறை சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, சாமியார் காதில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இந்தக் கால் வேணாம் ஃபாதர், நாறுதுன்னேன்."

"அதுக்கு அவரு?"

"தெரியுது, குடுங்கன்னாரு."

அவர் அதைச் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. சாமியார் மேல் பொறாமைப்படுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். ஆனால் அதுதான் உண்மை. இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் நான். ஊரார் புண்ணையெல்லாம் கழுவியவள் நான். எனக்குக் காட்டாததை, நேற்றுத் தமிழ் படித்த ஒரு பையனிடம் காட்டியிருக்கிறார்.

ராத்திரியே ஆப்பரேஷன். பெருவிரலும் பக்கத்து விரலும் போயின, பாதத்தின் அடியில் கெட்டுப்போன சதையையும் வெட்டி எடுத்தார்கள். மறுநாள் காலையில் கட்டிலுக்கு வந்த சர்ஜன் சின்னப் பெண், என்னை அறியாதவள். ஆறுவது இனி டிரஸ்ஸிங்கைப் பொறுத்தது என்றாள். தினமும் சுத்தமாகச் செய்ய வேண்டும், ஒரு நாள் தவறிப் பழுத்தாலும் அடுத்த முறை கணுக்காலுக்கு மேலே போக வேண்டியிருக்கும் என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மனேலி யாரூ நோடலில்வாம்மா?" என்று கேட்டாள். வீட்டில் யாருமே பார்க்கவில்லையா என்று. நான் நர்ஸ் என்று சொல்லலாமா, சொல்லாமல் விடலாமா என்று திணறினேன். அதற்குள் அவர் படுக்கையிலிருந்தபடியே தன் தங்கவயல் கன்னடத்தில் பதில் சொன்னார். அவளுக்குத் தெரியாது டாக்டர், நான்தான் ஒளித்து வைத்தேன், எப்போதும் காலைக் கவனிக்கச் சொல்லிக்கொண்டேதான் இருப்பாள், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றார்.

வராந்தாவுக்குப் போய் அழுதேன். அவர் மேல் கோபம், அவர் என்னைக் காப்பாற்றினாரே என்று அதைவிடக் கோபம். தினமும் மூன்று மணிக்கு ஆண்டவரிடம் இரக்கம் கேட்கிறவள் நான். அது இப்படி, விரல் போன ஒரு மனிதர் வாயிலிருந்து, நான் கேட்காமலே வந்து என் மேல் விழுந்தால் அதை என்ன செய்வது? நன்றி சொல்ல வேண்டுமா, சண்டை போட வேண்டுமா? அன்று மூன்று மணிக்குக் கையில் ஜெபமாலை இருந்தது. முதல் மணியைத் தாண்ட முடியவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு அன்று சாமியார் நற்கருணை கொண்டுவந்தார். அவரை லிஃப்ட் வரைக்கும் வழியனுப்பப் போனபோது மனசில் இருந்ததைக் கேட்டேன். பூசையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாமே, ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

"எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலம்மா" என்றார் அவர். "நிறுத்தினா எல்லாரும் பார்ப்பாங்க, அவருக்கு ரொம்ப அவமானம் ஆயிரும்னு துண்ட சுத்திட்டேன். அதுக்கப்புறம் மிச்ச பேரு காலைக் கழுவறப்ப எல்லாம் அதே யோசனை. சரியா செஞ்சேனா தப்பா செஞ்சேனான்னு இன்னும் தெரியல."

பதில் சொல்லத் தெரிந்த சாமியாராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவரிடம் என்ன பேசுவது? லிஃப்ட் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அன்பியத்தார் பழங்களோடு வந்தார்கள். ஆண்டவருடைய இரக்கத்தால் கால் தப்பித்தது, இல்லாவிட்டால் அந்தச் சடங்கில் புண் வெளியே தெரிந்திருக்குமா என்றார்கள். அவர் தலையாட்டினார். நான் டீ போட உள்ளே போய்விட்டேன். ஆண்டவருக்காக நடந்ததால்தானே கால் கெட்டது? காலைக் கெடுத்ததும் அங்கே, காட்டிக் கொடுத்ததும் அங்கே என்றால் நான் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது? ஒரு நாள் என் வீட்டுக்காரரிடமே கேட்டேன், இப்போதாவது சொல்லுங்கள், எதற்காக இரக்கம் கேட்டு நடந்தீர்கள் என்று. மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

அவர் உண்மையாகவே யோசித்தார். "எனக்கே தெரியல. இதுக்குன்னு ஒண்ணும் இல்ல. எல்லாரும் இது வேணும் அது வேணும்னு கேக்கறாங்க. எனக்குக் கேக்க ஒண்ணும் தோணல. ஆனா கேக்காம இருக்கவும் பயமா இருந்துச்சு. அதான் இரக்கம் வையின்னு மட்டும் சொல்லிக்கினே நடந்தேன்." இதைக் கேட்டதும் அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

டிரஸ்ஸிங்குக்கு அவர் என்னை விடவில்லை. தினமும் ஆட்டோ பிடித்துத் தெருமுனையில் இருக்கிற கிளினிக்குக்குப் போனார். வீட்டில் எல்லாம் இருந்தது. காஸ், சலைன், பிளாஸ்டர், எல்லாவற்றையும் நான் வாங்கி ஒரு தட்டில் துணி மூடி வைத்திருந்தேன். அவர் அதைத் தாண்டிப் போவார். போகும்போது நான் ஏதாவது சொல்வேன், அவர் கேட்காதது போல வாக்கரை நகர்த்துவார். சத்தம் போட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடுவார் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் போட்டேன்.

ஒரு நாள் மழை. சித்திரை மாதத்தில் பெங்களூரில் திடீரென்று பிடித்துக்கொள்ளுமே, அந்த மழை. கிளினிக் மூடும் நேரத்தில் கட்டு மாற்றிக்கொண்டு திரும்பியவர், ஆட்டோவிலிருந்து இறங்கி வீட்டுப் படி ஏறுவதற்குள் கட்டு நனைந்துவிட்டது. திவானில் வந்து உட்கார்ந்தார். கட்டின் ஓரம் தளர்ந்து, ஈரம் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கிளினிக் மூடியிருக்கும், காலையில் திறந்ததும் போய்க்கொள்கிறேன் என்றார். காலை வரைக்கும் அந்த ஈரத்தில் கிடந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். சர்ஜன் சொன்னது அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். அவர் முகம் வெளுத்திருந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். காலை நீட்டுங்க என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வார்டில் எத்தனையோ பேரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், யாரும் முடியாது என்றதில்லை. காட்டுங்கள் என்று நான் யாரிடமும் கேட்டதே இல்லை, கேட்க வேண்டியும் இருக்கவில்லை. தட்டோடு நின்றேன். கீழே உட்கார்ந்தால்தான் பாதத்தைப் பார்க்க முடியும், என் முட்டி வலிக்கிறது, உட்கார்ந்த பிறகு அவர் வேண்டாம் என்றால் எப்படி எழுந்திருப்பது என்றெல்லாம் மனசு கிடந்து தடுமாறியது. அப்புறம் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"கால எனக்குக் காட்டறீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சத்தம் போடுவ" என்றார்.

போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு அது போதும், அவரும் நம்பியிருப்பார். ஆனால் இந்த மனிதர் நான் சொல்லும் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்கிறவர் என்று எனக்கு இப்போது தெரியும்.

"போடுவேன்" என்றேன். "போடாம இருக்க எனக்கு வராதுங்க. அன்னிக்கு பாக்க மாட்டேன்னு சொன்னது மட்டும் பொய். எனக்குக் காட்டுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் மழையை விட்டுத் திரும்பவில்லை. வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நான் எழுந்திருக்கத் தட்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அந்தத் தலகாணிய எடு" என்றார் அவர். "காலுக்கு அடியில வை."